அப்டேட்: பேச்சிப்பாறை அணை தீசிஸ் தேடுனது

கோதையாறு பாசனம் பத்தி பழைய ஆய்வேடு எங்க கிடைக்கும்னு போன வாரம் கேட்டிருந்தேன்லா மக்களே, கிடைச்சாச்சு. நேத்து நாகர்கோவில்ல பஸ் பிடிச்சு அபிஷேகப்பட்டி போயி மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டி லைப்ரரில கேட்டா, அங்க இருந்த அக்கா இந்திய யுனிவர்சிட்டிகளோட பிஎச்டி தீசிஸ் சேத்து வச்சிருக்க ஷோத்கங்கா சைட்ட ஓப்பன் பண்ணி காட்டுனாங்க, லாகினே வேண்டாம், வீட்ல இருந்தே பிடிஎஃப் இறக்கலாம், எனக்கு கண்ணே கலங்கிட்டு.

1956 வரை நம்ம கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி கூட இருந்ததுனால கேரளா யுனிவர்சிட்டி தீசிஸையும் கண்டிப்பா தேடுங்க, அத விட்டா பாதி விஷயம் போயிரும்.

அப்புறம் 2025 ஜனவரில வந்த ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்ங்கிற மத்திய அரசு திட்டத்துல 30 பப்ளிஷரோட சுமார் 13,000 ஜர்னல், அரசு யுனிவர்சிட்டி பிள்ளைகளுக்கு ஃப்ரீ. காசு கட்டி வாங்கிராதீங்க.