பழைய மீட்புப் படகைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா?

கேள்வி (இராயபுரம்): எங்கள் தேவாலய இளைஞர் குழு, பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட ஃபைபர் மீட்புப் படகு ஒன்றைக் கடற்பயிற்சிக்காக வாங்கவிருக்கிறது. மாணவர்கள் உட்கார இடம் வேண்டும் என்பதற்காக மேற்கூண்டை அகற்றலாமா?

பதில் 1: தயவுசெய்து அகற்றாதீர்கள். கவிழ்ந்தாலும் தானே நிமிரும் வகைப் படகுகளில், நீர் புகாதபடி மூடிய கூண்டுக்குள் அடைபட்ட காற்றும் அடிப்பகுதியின் கனமும் சேர்ந்துதான் படகை நிமிர்த்துகின்றன. கூண்டை எடுத்தால் அந்தக் குணமே போய்விடும்.

பதில் 2: காசிமேட்டில் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் என் மாமா, சுத்தியலின் மரப்பிடியால் அடிப்புறத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால் நல்லது; மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். விலை பேசுமுன் அப்படிப்பட்ட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி, ஐயா. கூண்டைத் தொட மாட்டோம். ஒரு முறைக்கு ஆறு பேரை மட்டும், உயிர்காப்பு அங்கி அணிவித்தே ஏற்றுவோம்.