கேமரா கூட்டுக்குள் பனி படிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் முக்குளித்துப் படம் எடுக்கிறேன். பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த, நீர் புகாத கூடு, உள்ளே சின்னக் கேமரா. இறங்கிய 20 நிமிடத்தில் லென்ஸுக்கு முன்னால் உள்ள கண்ணாடி உள்பக்கமாக வெளிறிவிடுகிறது. நேற்று ஒரு கருமுனைச் சுறா மிக அருகில் போனது. படத்தில் வெறும் வெண்படலம்தான். மனசே விட்டுப்போயிற்று.

கசிவு இல்லை. கேமராவை எடுத்துவிட்டு, டிஷ்யூ தாளை வைத்துக் கூட்டை நீரில் அமுக்கிப் பார்த்தேன். தாள் காய்ந்தே இருந்தது. அப்படியென்றால் மூடும்போது உள்ளே சிக்குகிற காற்றின் ஈரம்தான் காரணம். படகில், புழுக்கமான கடல்காற்றில்தான் மூடுகிறேன். வீடியோ ஓட ஓடக் கேமரா சூடாகிறது, கண்ணாடியோ கடல்நீர் பட்டுக் குளிர்ந்திருக்கிறது. ஈரமெல்லாம் அங்கே போய்ப் படிகிறது.

ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டேன், போதவில்லை. பழையது, ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கலாம். அதை வீட்டு ஓவனில் எத்தனை டிகிரியில் காயவைப்பது? ஏசி அறையிலேயே மூடிக்கொண்டு கிளம்பலாம், சரி. ஆனால் பேட்டரி மாற்றப் படகில் திறக்க வேண்டுமே, அப்போது என்ன செய்கிறீர்கள்? அப்புறம், முக்குளிக்கும்போது போடும் முகமூடிக்குத் தடவும் பனித்தடுப்புத் திரவத்தைக் கண்ணாடியின் உள்பக்கம் தடவினால் படத்தின் தெளிவு கெடுமா? சனிக்கிழமை மறுபடி இறங்குகிறேன். செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.