மூஞ்சூறு பரிணாம மரத்தின் அடிக்கிளைகள் பிரிய மாட்டேன் என்கின்றன, உதவி தேவை

மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள குரோசிடூரா பேரின மூஞ்சூறுகளுக்கு (2021இல் ஒரே ஆய்வில் 14 புதிய இனங்கள் விவரிக்கப்பட்ட அதே கூட்டம்தான்) பரிணாம மரம் போடுகிறேன். 58 டிஎன்ஏ வரிசைகள், எல்லாம் சைட்டோகுரோம் பி (மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணு), முழு 1140 எழுத்து. நுனியில் இனங்கள் அழகாகப் பிரிகின்றன, பூட்ஸ்ட்ராப் (ஒரு கிளையை எவ்வளவு நம்பலாம் என்று நூற்றுக்குச் சொல்லும் மதிப்பு) 95க்கு மேல். உள்ளே அடிக்கிளைகளுக்குப் போனால் 50கூட வரவில்லை, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கிளைகள் இடம் மாறி உட்கார்ந்துகொள்கின்றன.

மரம் போடும் ஐக்யூ-ட்ரீ மென்பொருளில் முதலில் ஜிடிஆர்+ஜி (டிஎன்ஏ எழுத்துகள் மாறும் விதத்துக்கான மாதிரி), அப்புறம் கோடான் (மூன்றெழுத்துத் தொகுதி) நிலைவாரியாகப் பிரித்து ஓட்டினேன். மூன்றாம் நிலையைத் தூக்கிப் பார்த்ததில் இருந்த தெளிவும் போனது. போலி மரபணு (செயலிழந்த நகல்) கலந்திருக்குமோ என்று நடுவில் நிறுத்தக் கோடான்களைத் தேடினேன், ஒன்றும் இல்லை. வெளிக்குழுவையும் (மரத்தின் வேரைக் காட்டச் சேர்க்கும் வெளி உறவினம்) சன்கஸ் என்ற இன்னொரு மூஞ்சூறுப் பேரினத்துக்கு மாற்றியாயிற்று. மிஸ்டர்பேய்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் 2 கோடி தலைமுறை (கணக்கீட்டுச் சுற்று) ஓடி, ஓட்டங்கள் ஒன்றுசேர்ந்த பிறகும் அதே கதை. இனங்கள் குறுகிய காலத்தில் மளமளவென்று பிரிந்ததன் விளைவு என்றுதான் என் சந்தேகம், ஆனால் ஒரே மரபணுவை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது.

கையில் இருக்கும் திசுவும் பணமும் ஒன்றுக்குத்தான் போதும்: நாலைந்து உட்கரு மரபணுக்களை சாங்கர் முறையில் (ஒவ்வொரு மரபணுவாகப் படிக்கும் பழைய முறை) படித்தாலே இந்த அடிக்கிளைகள் தெளியுமா, இல்லை நேராக யூசிஇ பகுதிகளுக்கே (பல உயிரினங்களில் அதிகம் மாறாமல் இருக்கும், மரபணுத்தொகையெங்கும் பரவிய டிஎன்ஏ துண்டுகள்) போய்விட வேண்டுமா?