பதிவுத் திருமணத்துக்குப் பின் வந்த ஐயக் கடிதம்: கனடா ஸ்பொன்சர் விண்ணப்பத்தில் சேர்ந்த வாழ்வை எப்படி நிறுவுவது?

கேள்வி: கொக்குவில் மருமகன்

வணக்கம். நான் கனடியக் குடியுரிமை பெற்றவன், கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கிறேன். என் மனைவி யாழ்ப்பாணம் கொக்குவிலில் தன் பெற்றோருடன் இருக்கிறார். எங்களுடையது பெரியவர்கள் குறிப்பு (சாதகம்) பார்த்துப் பேசி முடித்த திருமணம். முதலில் விவாகப் பதிவை மட்டும் செய்து, அந்தச் சான்றிதழை வைத்து, மனைவியைக் கனடாவுக்கு அழைக்கும் ஸ்பொன்சர் விண்ணப்பத்தை அனுப்பினோம். தாலி கட்டு, எனக்கு அடுத்த நீண்ட விடுமுறை கிடைத்தபோது, பல மாதங்களுக்குப் பின் கோயிலில் நடந்தது. யாழ்ப்பாணத்தில் இது புதிய ஏற்பாடு அல்ல என்பதை இங்கே பலரும் அறிவீர்கள்.

இப்போது வீசா அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்துள்ளது. அது நிராகரிப்பு அல்ல. முடிவெடுப்பதற்கு முன் எங்கள் விளக்கத்தைக் கேட்கும் கடிதம். அதற்கு 30 நாள் அவகாசம் தந்திருக்கிறார்கள். பதிவு நாளின் படங்களில் மிகச் சிலரே காணப்படுகிறார்கள் என்றும், மரபுச் சடங்குகள் நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்றும், பதிவுக்குப் பின் நாங்கள் ஒரே வீட்டில் வாழவில்லை என்றும் முதலாவது ஐயத்தை எழுதியிருக்கிறார்கள். திருமணப் பேச்சுக்கு முந்தைய ஆண்டில் என் மனைவியின் மாணவர் வீசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது அடுத்த ஐயம். எங்களுக்கிடையே தொடர்பும் பொருளாதார ஒத்துழைப்பும் இருப்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது மூன்றாவது.

ஒரே நாட்டில் வாழாத இருவர் சேர்ந்து வாழ்கிறோம் என்பதைக் காகிதத்தில் எப்படி நிறுவுவது? எங்கள் வட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் அச்சிட்டு அனுப்பலாமா? விண்ணப்பத்தை மீளப் பெற்றுவிட்டுப் புதிதாகப் போடுவது நல்லது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மிசிசாகா வாசகி

தம்பி, மனம் தளர வேண்டாம். எங்களுக்கும் இத்தகைய கடிதம் வந்து, பதில் அனுப்பிய பின்னர் வீசா கிடைத்தது. விண்ணப்பத்தை மீளப் பெறாதீர்கள். மீளப் பெற்றால் நிராகரிப்பு என்று ஒன்று இராது. நிராகரிப்பு இல்லாவிட்டால் மேன்முறையீடும் இல்லை. ஆனால் அதிகாரி எழுதிவைத்த ஐயங்கள் கோப்பில் அப்படியே இருக்கும், அடுத்த விண்ணப்பத்தைப் பார்ப்பவரும் அவற்றை வாசிப்பார்.

இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டணம் செலுத்தி, மனைவியின் எழுத்துமூலச் சம்மதத்துடன், அதிகாரியின் உள்குறிப்புகளைக் கேட்டு விண்ணப்பியுங்கள். ஜிசிஎம்எஸ் (குடிவரவுத் திணைக்களத்தின் கணினிக் கோப்பு முறைமை) குறிப்புகள் என்று எல்லோரும் சொல்வது அவற்றைத்தான். கடிதத்தில் ஒரு வரியாக இருக்கும் ஐயம் அங்கே ஒரு பத்தியாக இருக்கக்கூடும். குறிப்புகள் உரிய நாளுக்குள் வந்து சேராமல் போகலாம் என்பதால், காரணத்தைச் சொல்லி அவகாச நீடிப்பையும் இப்போதே கேளுங்கள். ஆனால் அது கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு பதில் எழுதும் வேலையை நிறுத்தி வைக்காதீர்கள்.

பதில்: பிராம்டன் அன்பர்

என் கருத்தில், உடனடியாக இருவர் பெயரிலும் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து, உறவினர் பலரிடம் கடிதம் வாங்கி, நிறையப் படங்களையும் எடுத்து அனுப்புவதே நல்லது. கோப்பு எவ்வளவு தடிப்பாக இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு.

பதில்: சட்ட உதவியாளர், ஸ்காபரோ

குடிவரவுக் கோப்புகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் எழுதுவதால் இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிராம்டன் அன்பர் நல்லெண்ணத்துடன் சொன்னாலும், அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. கடிதம் வந்த பிறகு திறக்கப்பட்ட கணக்கின் திகதியைத்தான் அதிகாரி முதலில் பார்ப்பார். அந்தக் கணக்கில் இருவரும் உண்மையாகவே பணம் போட்டு எடுக்கப் போகிறீர்கள் என்றால் திறப்பதில் தவறில்லை, ஆனால் ஆதாரத்துக்காக மட்டும் செய்யப்பட்ட ஒன்று உங்களுடைய உண்மையான ஆதாரங்களின் மீதும் சந்தேகத்தை வரவழைக்கும். இன்னும் ஒரு படி தாண்டி, நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டினால், குடிவரவுச் சட்டத்தின் 40 ஆம் பிரிவின் கீழ் அது தவறான தகவல் அளித்தலாகி, உங்கள் மனைவி ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் வர முடியாத நிலை ஏற்படலாம்.

இனி, பதிலின் அடித்தளத்துக்கு வருவோம். உங்கள் கடிதம் குடிவரவு ஒழுங்குவிதிகளின் 4(1) ஆம் பிரிவைக் குறிப்பிட்டிருக்கும். அந்தப் பிரிவுக்குள் இரண்டு வெவ்வேறு கேள்விகள் உள்ளன. குடிவரவுத் தகுதியைப் பெறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு இந்தத் திருமணம் செய்யப்பட்டதா என்பது ஒன்று. இந்தத் திருமணம் உண்மையானதா என்பது மற்றொன்று. 2010 செப்டெம்பர் வரை இரண்டிலும் விண்ணப்பதாரர் தோற்றால்தான் நிராகரிக்க முடியும் என்ற நிலை இருந்தது. அதன் பின், ஏதாவது ஒன்றில் தோற்றாலே போதும் என்றாகிவிட்டது. பலரும் தவறவிடும் இடம் இதுதான். நோக்கம் பற்றிய கேள்வி திருமணம் நடந்த காலத்தைப் பார்க்கிறது, உண்மைத்தன்மை பற்றிய கேள்வி இன்றைய நிலையைப் பார்க்கிறது. இன்றைய அன்னியோன்யத்தை எவ்வளவு காட்டினாலும் அது முதல் கேள்விக்கு முழுப் பதிலாகிவிடாது. ஆகவே உங்கள் ஆதாரங்களைத் திருமணத்துக்கு முந்தியவை, பிந்தியவை என்று இரு கட்டாகப் பிரியுங்கள்.

முந்தியவற்றில், பேசி முடித்த திருமணத்துக்கே உரிய சான்றுகள் உங்களிடம் நிறைய இருக்கும். யார் முதலில் பேச்சை எடுத்தார், குறிப்பு எந்த நாளில் யார் கைக்குப் போனது, சோதிடர் எழுதிக் கொடுத்த பொருத்தத் தாள் இருக்கிறதா, பெண் பார்க்க யார் போனார்கள், நீங்கள் இருவரும் முதன்முதலில் தொலைபேசியில் பேசியது எப்போது, உங்கள் தாயார் பெண்ணின் தாயாருடன் என்ன பேசினார் ஆகிய இவையெல்லாம் நம் வீடுகளில் எவரும் ஆதாரமென்று எண்ணிப் பாதுகாக்காதவை. ஆனால் திகதியோடு கிடைக்கும்போது மிகுந்த மதிப்புடையவை. இலங்கையரை மணக்கும் வெளிநாட்டவர் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியைப் பெற வேண்டும் என்ற நடைமுறை 2022 ஜனவரியில் வந்தது. அந்த நடைமுறையின் கீழ் பதிவு செய்திருந்தால், நீங்கள் அளித்த அந்த விண்ணப்பத்தின் பிரதியும் பதிவு அவசரமாக நடந்ததல்ல என்பதைக் காட்ட உதவும்.

பதிவுக்கும் தாலி கட்டுக்கும் இடையிலான காலத்தைப் பற்றி எழுதும்போது சொற்களில் மிகுந்த கவனம் தேவை. "தாலி கட்டும் வரை நாங்கள் எங்களைக் கணவன் மனைவியாகக் கருதவில்லை" என்று நம்மவர்கள் இயல்பாக எழுதிவிடுகிறார்கள். அந்த வாக்கியம், பதிவு வெறும் காகிதத்துக்காகச் செய்யப்பட்டது என்ற அதிகாரியின் ஐயத்தை நீங்களே உறுதிப்படுத்துவதாகிவிடும். பதிவு நாளிலேயே சட்டப்படியும் மனத்தளவிலும் வாழ்க்கைத் துணைகளானீர்கள் என்பதையும், பதிவுக்கு நெருங்கியவர்கள் மட்டும் வருவதும், ஊரையும் உறவையும் அழைப்பது தாலி கட்டுக்கே என்பதும், அதுவரை பெண் பெற்றோர் வீட்டில் இருப்பதும் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பங்களின் வழக்கம் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். அதிகாரிக்கு நம் வழக்கம் தெரிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். விண்ணப்பம் அனுப்பியபின் நடந்த பொன்னுருக்கு (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு), கூறைச் சேலை மாற்றிய பின்னான தாலி கட்டு, அதற்குப் பின்னான நாலாம் சடங்கு ஆகியவற்றின் படங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் திகதி, இடம், நிற்பவர்களின் உறவுமுறை, அந்தச் சடங்கின் பொருள் ஆகியவற்றை ஓரிரு வரிகளில் எழுதுங்கள். அழைப்பிதழ், மண்டபப் பற்றுச்சீட்டு, கோயில் பற்றுச்சீட்டு, ஐயருக்குக் கொடுத்த பணத்தின் குறிப்பு, உங்கள் கடவுச்சீட்டின் முத்திரைகள் எல்லாம் அந்த நாளோடு பொருந்தட்டும்.

கில் என்ற வழக்கில் 2010 இல் கூட்டாட்சி நீதிமன்றம், பேசி முடித்த திருமணத்தை வட அமெரிக்கக் கண்ணோட்டத்தில் பார்த்தால் அது உண்மையற்றதாகவே தோன்றும் என்று எச்சரித்திருக்கிறது. இதை உங்கள் பதிலில் ஒரு வரியாகச் சொல்லலாம்; ஆனால் வழக்கை மேற்கோள் காட்டுவது உங்கள் கதையைச் சொல்வதற்கு ஈடாகாது.

கொக்குவில் மருமகன்

அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. மாணவர் வீசா பற்றி என்ன எழுதுவது என்றுதான் இன்னும் தெளிவில்லை. அவர் உண்மையாகவே படிக்க விரும்பினார். அந்த நிராகரிப்புக்கும் எங்கள் திருமணப் பேச்சுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதைப் பற்றிப் பேசாமல் விடலாமா? நாங்கள் பெரும்பாலும் குரல் அழைப்பிலேயே பேசுகிறோம், எழுத்தில் இருப்பது தமிழும் தமிங்கிலமும் கலந்தது. அவற்றை யார் மொழிபெயர்ப்பது?

பதில்: சட்ட உதவியாளர், ஸ்காபரோ

பேசாமல் விடவே கூடாது. கேட்கப்பட்ட கேள்விக்கு மௌனம் காத்தால் அதிகாரி தன் ஊகத்தையே முடிவாக எழுத முடியும். மாணவர் வீசா விண்ணப்பத்தில் அவர் எந்தக் கல்லூரிக்கு, எந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தார், நிராகரிப்புக்குப் பின் என்ன செய்தார் என்பதைச் சொல்லுங்கள். ஊரிலேயே வேலைக்கோ படிப்புக்கோ போயிருந்தால் அந்தக் கடிதத்தை இணையுங்கள். எப்படியாவது கனடாவுக்கு வந்துவிட வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதை அவருடைய வாழ்க்கையே காட்டும். வேறு வரன்கள் பேசப்பட்டிருந்தால், குறிப்பாக இலங்கையிலேயே வாழும் ஒருவரின் குறிப்பும் பார்க்கப்பட்டிருந்தால், உங்கள் மனைவியின் பெற்றோர் அதைச் சத்தியக் கடதாசியில் (சத்தியம் செய்து கையெழுத்திடும் வாக்குமூலத்தில்) சொல்லலாம். இந்த விளக்கத்தை உங்கள் மனைவியே தன் பெயரில் எழுத வேண்டும்; நீங்கள் அவருக்காக எழுதிக் கொடுத்தால் நடையிலேயே தெரிந்துவிடும்.

வட்ஸ்அப் முழுவதையும் அனுப்பாதீர்கள். விண்ணப்பத்தின் சரிபார்ப்புப் பட்டியலே தொடர்புச் சான்றுக்கு 10 பக்கம், படங்களுக்கு 20 என்றுதான் எல்லை வைத்திருக்கிறது. இந்தப் பதிலில் சற்றுக் கூடுதலாக அனுப்பலாம் என்றாலும், பெட்டி பெட்டியாக வரும் உரையாடலை எவரும் வாசிக்கப் போவதில்லை. பேச்சு தொடங்கிய காலத்திலிருந்து இன்று வரை மாதத்துக்கு ஓரிரு பக்கங்கள் என்று தெரிவு செய்யுங்கள். காதல் வசனங்களைத் தேட வேண்டாம். மாமிக்கு மருந்து வாங்கியது, மின்கட்டணம், உங்கள் இரவு வேலை மாறியது, அவருடைய தம்பியின் பரீட்சை முடிவு போன்ற அன்றாடப் பேச்சுத்தான் இரு வாழ்க்கைகள் ஒன்றாகிவிட்டதைக் காட்டுகிறது. குரல் அழைப்புகளின் பட்டியலைத் திரைப்பிடியாக இணைக்கலாம். மொழிபெயர்ப்பை உங்கள் குடும்பத்தவர் எவரும் செய்யக்கூடாது. சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். அத்தகையவர் கிடைக்காவிட்டால், மொழிபெயர்த்தவர் தன் மொழிபெயர்ப்பின் சரித்தன்மை குறித்துச் சத்தியக் கடதாசி தர வேண்டும். செலவு கூடும் என்பதும் பக்கங்களைக் குறைக்க ஒரு நல்ல காரணம்.

பொருளாதார ஒத்துழைப்பு என்றால் மாதாமாதம் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு மட்டும் என்று எண்ண வேண்டாம். உங்கள் வேலையிடத்துக் காப்புறுதியிலும் ஓய்வூதியத் திட்டத்திலும் மனைவியைப் பயனாளியாகக் குறிப்பிட்டிருக்கிறீர்களா? கனடா வருமானத் திணைக்களத்திடம் திருமண நிலை மாறியதை அறிவித்துவிட்டீர்களா? மாறிய மாதத்துக்கு அடுத்த மாத இறுதிக்குள் அறிவிக்க வேண்டும் என்பது விதி. குடிவரவுக்காக என்றில்லாமல், திருமணமானவர் என்ற முறையில் நீங்கள் பிற இடங்களில் செய்துவைத்த பதிவுகளுக்கு அதிகாரிகள் அதிக மதிப்பளிப்பதை நான் பல கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

பதில்: மிசிசாகா வாசகி

நான் ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவள் என்பதால் தங்கையின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். பதிலுக்குப் பிறகு நேர்முகத்துக்கு அழைக்கக்கூடும். அங்கே கணவரின் வேலை நேரம், அவர் யாருடன் குடியிருக்கிறார், வாடகை எவ்வளவு, சகோதரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மிகச் சாதாரணமாகக் கேட்பார்கள். இருவரும் உட்கார்ந்து விடைகளை மனனம் செய்யாதீர்கள். மனனம் செய்த விடை ஒரு சொல் மாறினாலும் தடுமாற வைக்கும். அதற்குப் பதிலாக, உங்கள் உறவைப் பற்றிய விவரங்களைக் கேட்கும் ஐஎம்எம் 5532 படிவத்தில் இருவரும் அன்று எழுதியதை இன்று மீண்டும் ஒன்றாக வாசியுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்வது குறையல்ல என்பதைத் தங்கைக்கு எடுத்துச் சொல்லுங்கள். நேர்முக நாளில் எனக்குத் துணையாக இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

கொக்குவில் மருமகன்

பொருத்தத் தாளை மாமா தேடி எடுத்துவிட்டார்; சோதிடர் தன் கையால் திகதியும் போட்டிருக்கிறார். பணம் கட்டினால் எல்லாவற்றையும் தானே எழுதி முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: சட்ட உதவியாளர், ஸ்காபரோ

அவருடைய உரிம எண்ணைக் கேளுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு குடிவரவு விடயத்தில் உங்களுக்காகச் செயற்படுபவர், மாகாணச் சட்டச் சங்கத்தின் உறுப்பினராகவோ, குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரி எனப்படும் ஒழுங்குபடுத்தும் அமைப்பின் உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். இரண்டின் உறுப்பினர் பட்டியலையும் இணையத்தில் எவரும் பார்க்கலாம். பிரதிநிதிப் படிவத்தில் தன் பெயரைப் போட மறுப்பவரிடம் உங்கள் கோப்பைக் கொடுக்காதீர்கள், ஏனெனில் அவர் எழுதும் தவறுக்கும் கையெழுத்திட்ட நீங்கள் இருவருமே பொறுப்பு.

பதிலை அனுப்பும்போது முதற்பக்கத்தில் மூன்று ஐயங்களையும் அதிகாரியின் சொற்களிலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்த இணைப்பு எந்தப் பக்கத்தில் பதிலளிக்கிறது என்று குறிப்பிடுங்கள். கடிதத்தில் சொல்லப்பட்ட வழியிலேயே அனுப்பி, அனுப்பிய நேரம் தெரியும் உறுதிப்படுத்தலைப் பத்திரப்படுத்துங்கள். ஒருவேளை முடிவு பாதகமாக வந்தால், ஸ்பொன்சர் என்ற முறையில் நிராகரிப்பு உங்கள் கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய ஆதாரங்களையும் சாட்சிகளையும் முன்வைக்க இடமுண்டு. அப்போது முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது இப்போது நீங்கள் அனுப்பப்போகும் இந்தப் பதில்தான் என்பதால், அதன் முழுப் பிரதி ஒன்றை உங்களிடமும் ஒன்றை மனைவியிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.