புதுப்பிப்பு: சிறுகதைத் தொகுப்புக்கு இலக்கிய முகவர் தேடல்

என் தமிழ்ச் சிறுகதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுப்புக்கு இலக்கிய முகவர் (எழுத்தாளர் சார்பாகப் பதிப்பகங்களிடம் பேசுபவர்) கிடைப்பாரா என்று முன்பு கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. டெல்லியைச் சேர்ந்த முகவர் ஒருவர் கைப்பிரதி முழுவதையும் படித்துவிட்டு, கதைகள் பிடித்திருந்தாலும், நாவல் ஏதும் கைவசம் இல்லாமல் தொகுப்பை மட்டும் பதிப்பகங்களிடம் கொண்டுசெல்வது கடினம் என்று எழுதினார். பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகள், தீபா பாஸ்தியின் மொழிபெயர்ப்பில், 2025இல் சர்வதேச புக்கர் பரிசை வென்ற முதல் சிறுகதைத் தொகுப்பாக அமைந்த பிறகும் இந்தத் தயக்கம் நீடிப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

மற்றொருவர் படிப்பதற்கே கட்டணம் கேட்டார், மறுத்துவிட்டேன். முறையான முகவர், எழுத்தாளருக்கு வரும் தொகையில் பெரும்பாலும் 15 விழுக்காட்டைக் கமிஷனாகப் பெறுவாரே தவிர, முன்பணம் கேட்கமாட்டார்.

இப்போது பேசிக்கொண்டிருப்பவர், எந்தக் கதை எந்த இதழில் வெளிவந்தது, மொழிபெயர்ப்பாளருடன் எழுத்துபூர்வ ஒப்பந்தம் உண்டா, ராயல்டி எப்படிப் பிரியும் என்பவற்றையே முதலில் கேட்டார். மொழிபெயர்ப்புக்கும் தனிப் பதிப்புரிமை உண்டு என்பதால், நானும் மொழிபெயர்ப்பாளரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்னரே மாதிரிக் கதைகளை அனுப்பினேன். ஆங்கில உரிமையை மட்டுமே முகவரிடம் ஒப்படைப்பேன்; தமிழ்ப் பதிப்பு என் பதிப்பாளரிடமே இருக்கும்.