அப்பாவுக்கு வாங்கிய செஃபாலெக்சினை நாய்க்குக் கொடுக்கலாமா?

உப்புக்காற்று (மஞ்சக்குப்பம், கடலூர்) – ஞாயிறு, இரவு 8.50

எங்கள் வீட்டு லாப்ரடார் ராஜாவுக்கு 4 வயது, 28 கிலோ. தீபாவளிக்குப் பிறகு விடாமல் பெய்த மழையில் அவன் உடம்பு சரியாகக் காயவே இல்லை. இப்போது அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் அரிசி அளவில் சீழ்க்கொப்புளங்கள். உடைந்த இடமெல்லாம் வட்டமாகி, ஓரத்தில் செதில் செதிலாக உரிகிறது. நக்கி நக்கி முடியும் போய்விட்டது. சாப்பாடும் ஆட்டமும் வழக்கம்போலத்தான்.

போன மாதம் அப்பாவுக்குக் காலில் ஆணி குத்தியபோது டாக்டர் எழுதிய ஆண்டிபயாட்டிக், செஃபாலெக்சின் 500 மி.கி., அதில் 6 மாத்திரை மிச்சம் இருக்கிறது. காலை ஒன்று, இரவு ஒன்று கொடுக்கலாமா? நாளை எனக்கு விடுப்பு கிடைக்காது.

நெல்லிக்குப்பம்_40 – ஞாயிறு, இரவு 9.05

தாராளமாகக் கொடுங்கள் தம்பி. நாற்பது வருசமாக நாய் வளர்க்கிறேன். போன வருசம் என் நாட்டு நாய்க்கு முதுகு முழுக்கச் சீழ். இதே செஃபாலெக்சின் 500, இரண்டு வேளை, மூன்று வாரம். புண் இருந்த இடமே தெரியவில்லை. சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்சசின்) என்ற ஆண்டிபயாட்டிக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். மாட்டாஸ்பத்திரி டாக்டரே சீட்டில் மனுசக் கடை மாத்திரையைத்தான் எழுதுகிறார். நாய் மருந்து என்று தனியாக எந்த மரத்தில் காய்க்கிறது?

குரும்பாபேட்_ஹாஸ்டல் – ஞாயிறு, இரவு 9.30

புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். இன்னும் டாக்டர் ஆகவில்லை, அந்த அளவுக்கே என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா சொல்வதில் ஒரு பாதி உண்மை. செஃபாலெக்சின் மனிதனுக்கும் நாய்க்கும் ஒரே மருந்துதான். நாய்த் தோலில் சீழ் பிடித்தால் முதலில் நினைவுக்கு வரும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று. கோளாறு அளவில் வருகிறது. நாய்க்கு ஒரு கிலோவுக்கு 22 முதல் 30 மி.கி. வரை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ராஜா 28 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 616 முதல் 840 மி.கி. வேண்டும். 500 கொடுத்தால் கிலோவுக்கு 18 கூட வராது. உங்களிடம் இருக்கும் ஆறும் மூன்று நாளில் தீர்ந்துவிடும். மேலோட்டமான தோல் சீழுக்கே, மாத்திரை தேவைப்பட்டால், குறைந்தது இரண்டு வாரம் ஓட்ட வேண்டும். குறைந்த டோஸில் மூன்று நாள் என்றால் பலவீனமான கிருமி சாகும், முரட்டுக் கிருமி மிஞ்சும்.

ஐயா, உங்கள் நாய் என்ன எடை?

நெல்லிக்குப்பம்_40 – ஞாயிறு, இரவு 9.42

18 கிலோ. அரிசி மண்டித் தராசில் நிறுத்தியது, சந்தேகம் வேண்டாம்.

குரும்பாபேட்_ஹாஸ்டல் – ஞாயிறு, இரவு 9.50

அப்படியென்றால் கிலோவுக்கு 27.8. மூன்று வாரமும் விடாமல் கொடுத்திருக்கிறீர்கள். கணக்குப் போடாமலே உங்களுக்குச் சரியான அளவு அமைந்துவிட்டது. அதே கையை ராஜாவுக்கு வைத்தால் அமையாது.

பாகூர்க்காரி – ஞாயிறு, இரவு 10.15

கணக்கு நன்றாக இருக்கிறது தம்பி. நான் பாகூர்ப் பக்கம் 11 தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறேன். இதில் எதை வண்டியில் ஏற்றி, எந்த டாக்டரிடம் கொண்டுபோவது? ஆட்டோக்காரர் நாயைப் பார்த்ததும் கியரை மாற்றிவிடுகிறார். 'டாக்டரைப் பாருங்கள்' என்பது கார் வைத்திருப்பவர்கள் பேச்சு. சோற்று உருண்டைக்குள் மனுச மாத்திரையை வைத்துக் கொடுப்பதைத் தவிர எனக்கு வழியில்லை. சீழோடு அலையட்டும் என்று விடச் சொல்கிறீர்களா?

குரும்பாபேட்_ஹாஸ்டல் – ஞாயிறு, இரவு 10.28

விடச் சொல்லவில்லை அக்கா. எந்த மாத்திரை கொடுத்தீர்கள், கேட்டதா?

பாகூர்க்காரி – ஞாயிறு, இரவு 10.33

வீட்டில் கிடந்த அமாக்சிசிலின். பத்து நாள் கொடுத்தும் ஒரு மாற்றமும் இல்லை. அதனால்தான் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன், சண்டை போட அல்ல.

குரும்பாபேட்_ஹாஸ்டல் – ஞாயிறு, இரவு 10.55

கேட்காததில் ஆச்சரியமில்லை. நாய்த் தோலில் சீழ் வைக்கும் கிருமி பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் சூடோஇன்டர்மீடியஸ். நம் தோலில் தொல்லை தரும் ஸ்டாஃப் ஆரியஸுக்குப் பங்காளி மாதிரி. பென்சிலின் வகை மருந்துகளை (அமாக்சிசிலினும் அதில் ஒன்று) வெட்டிப்போடும் நொதி ஒன்று அதனிடம் பெரும்பாலும் இருக்கும். தனி அமாக்சிசிலின் வயிற்றில் இறங்கி என்ன பயன், கிருமி அதை நறுக்கிவிடுகிறது. அந்த நொதியைத் தடுக்கும் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்தால்தான் அமாக்சிசிலினுக்கு வேலை.

மெக்-ஏ என்ற மரபணு உள்ள வகையும் இருக்கிறது. அதனிடம் கிளாவுலானிக்கும் செல்லாது, செஃபாலெக்சினும் செல்லாது, அந்தக் குடும்பம் மொத்தமும் வீண். அப்போது சீழை எடுத்து வளர்த்து, எந்த மருந்துக்கு மசியும் என்று சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஏற்கனவே பலமுறை ஆண்டிபயாட்டிக் வாங்கிய நாய்களில் அது அதிகம் தென்படுகிறது.

சிப்ரோ பற்றி ஐயாவுக்கு: மனுசக் குடல் உறிஞ்சுவது போல நாயின் குடல் சிப்ரோ மாத்திரையை உறிஞ்சாது. ஒரு நாய்க்கும் இன்னொன்றுக்குமே பெரிய வித்தியாசம் வரும். நாய்க்கு அந்த வகையில் எழுதுவது என்ரோஃப்ளாக்சசின். வளரும் குட்டிகளுக்கு இந்த வகை எதுவும் ஆகாது, மூட்டுக் குருத்தெலும்பு கெடும்.

நெல்லிக்குப்பம்_40 – ஞாயிறு, இரவு 11.10

படித்தவர் பேசினால் பயமாகத்தான் இருக்கும். என் அப்பா காலத்தில் நாய்க்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும்தான். எத்தனை நாய் செத்தது?

மருந்துக்கடை_கவுண்டர் (முத்தியால்பேட்டை) – திங்கள், காலை 7.20

செத்ததை யார் எழுதி வைத்தார்கள் ஐயா? இருக்கட்டும். நான் மருந்துக்கடையில் நிற்பவன், இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒருமுறை கவுண்டருக்கு வருகிறது.

முதலில் உப்புக்காற்றுக்கு: 6 மாத்திரை எப்படி மிச்சமானது? டாக்டர் எழுதியதை அப்பா முடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும், பாருங்கள். சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதற்கான அடையாளம் அது. செஃபாலெக்சின் ஷெட்யூல் எச், அதாவது சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய பட்டியல். நாய்க்கு அடிக்கடி எழுதும் இன்னொரு ஆண்டிபயாட்டிக் செஃப்போடாக்சிம் 2014 மார்ச் முதல் அதைவிடக் கடுமையான ஷெட்யூல் எச்1, யாருக்குக் கொடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கால்நடை டாக்டர் சீட்டும் சீட்டுதான். அவர் எழுதிக் கொடுத்தால் மனுச பிராண்டையே எடுத்துக் கொடுக்கிறோம். நெல்லிக்குப்பம் ஐயா சொன்னது நிஜம், நான் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் கவுண்டரில் என்னைப் பயமுறுத்துவது ஆண்டிபயாட்டிக் அல்ல. அதோடு சேர்த்து, 'பாவம் வலிக்குமே' என்று கேட்கும் இப்யூபுரோஃபனும் டைக்ளோஃபினாக்கும். அவை நாயின் வயிற்றில் புண் வைத்து இரத்தம் கசியவிடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரண்டாவது, சர்க்கரை இல்லாத சிரப். சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்திருந்தால் நாயின் இரத்தச் சர்க்கரை திடுமென்று இறங்கும், ஈரலும் பாதிக்கும். மூன்றாவது, அந்தக் கலவை ஆயின்ட்மென்ட். ஸ்டீராய்டு, ஆண்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் ஒரே டியூபில். தடவிய மூன்றாம் நாள் சிவப்பு அடங்கும், வீட்டில் சந்தோஷம். படர்தாமரையாகவோ சொறிப்பூச்சியாகவோ இருந்தால் ஸ்டீராய்டின் நிழலில் அது உள்ளுக்குள் பரவிக்கொண்டிருக்கும். போதாததற்கு நாய் அதை நக்கியும் தின்னும்.

பாகூர்க்காரி – திங்கள், காலை 7.45

அந்த ஆயின்ட்மென்ட் நானும் போட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் சந்தோஷம் வரை அப்படியே சரி.

குரும்பாபேட்_ஹாஸ்டல் – திங்கள், மதியம் 1.30

கவுண்டர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுதான். நாய்க்குத் தோலில் சீழ் தானாக வருவது அபூர்வம். அடியில் வேறொன்று இருக்கும். தெள்ளுப்பூச்சி கடித்த ஒவ்வாமை, உண்ணி, டெமோடெக்ஸ் என்ற மயிர்க்கால் பூச்சி, சாப்பாட்டு ஒவ்வாமை, தைராய்டு குறைவு என்று ஏதோ ஒன்று. மழை ஈரம் எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு. மாத்திரை சீழை ஆற்றும், தெள்ளுப்பூச்சியை என்ன செய்யும்? அடுத்த மாதம் மறுபடி சீழ், மறுபடி மாத்திரை. நான் சொன்ன முரட்டுக் கிருமி அப்படித்தான் வளர்கிறது.

உப்புக்காற்று, ஒரு சோதனை நீங்களே செய்யலாம். வெள்ளைத் துணியை விரித்து, ராஜாவின் வால் அடியில் சீப்பால் வாருங்கள். கறுப்புப் பொடி விழுந்தால் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண் அல்ல, தெள்ளுப்பூச்சியின் கழிவு. அவனுடைய இரத்தம்தான் அது.

உப்புக்காற்று – திங்கள், இரவு 8.10

கரைந்தது. அம்மா துணியைத் தூக்கி எறிந்துவிட்டார். நாளை அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டேன். மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை.

நெல்லிக்குப்பம்_40 – திங்கள், இரவு 8.30

போங்கள், போங்கள். கடைசியில் டாக்டரும் செஃபாலெக்சின்தான் எழுதுவார். அப்போது இந்தக் கிழவனை நினையுங்கள்.

உப்புக்காற்று – செவ்வாய், இரவு 9.00

போய்விட்டு வந்தேன். டாக்டர் ஒரு கொப்புளத்தை உடைத்து, கண்ணாடிச் சில்லை அதில் ஒற்றி, சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். இன்னொரு இடத்தில் பிளேடால் தோலைச் சுரண்டி எடுத்தார். உருண்டைக் கிருமிகள் இருந்தன, சொறிப்பூச்சி இல்லை. தெள்ளுப்பூச்சி நிறைய.

ஐயா, மன்னிக்கவும், செஃபாலெக்சின் எழுதவில்லை. நாய் மாத்திரை, மனுச மாத்திரை எந்த ஆண்டிபயாட்டிக்கும் எழுதவில்லை. சீழ் மேல்தோலோடு நிற்கிறது, பரவவும் இல்லை, அதனால் முதலில் வெளிச் சிகிச்சை போதும் என்றார். 4 சதவீத குளோர்ஹெக்சிடின் ஷாம்பூ, வாரம் மூன்று முறை. தேய்த்ததும் கழுவக்கூடாது, நுரை 10 நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். தெள்ளுப்பூச்சிக்கு ஒரு மாத்திரை. படுக்கைத் துணிகளைச் சுடுநீரில் துவைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் அப்போது மாத்திரை யோசிக்கலாம், அதற்கு முன் சீழைச் சோதனைக்கு அனுப்பலாம் என்றார்.

நெல்லிக்குப்பம்_40 – செவ்வாய், இரவு 9.12

நாயைக் குளிப்பாட்டச் சொல்வதற்கா ஃபீஸ்?

குரும்பாபேட்_ஹாஸ்டல் – செவ்வாய், இரவு 9.20

குளிப்பாட்டினால் போதும் என்று தெரிந்துகொள்வதற்கு.

பாகூர்க்காரி – செவ்வாய், இரவு 9.41

நல்ல பதில், ஆனால் தெருநாயை 10 நிமிடம் நுரையோடு நிறுத்தி வைக்கும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. எனக்கு வேறு ஏதாவது சொல்லுங்கள்.

குரும்பாபேட்_ஹாஸ்டல் – செவ்வாய், இரவு 10.05

அதே குளோர்ஹெக்சிடின் ஸ்ப்ரேயாகவும் துடைக்கும் ஈரத்துணியாகவும் வருகிறது அக்கா. கழுவ வேண்டாம். பழகிய நாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அடித்துவிடலாம், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களை நெருங்க விடாத நாய்க்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள், புண்ணைக் கிட்டத்தில் படம் பிடித்து, தோராய எடையோடு கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்து வாருங்கள். நாயைக் காணாமல் மருந்து எழுத டாக்டர்கள் தயங்குவார்கள், அது நியாயம்தான். ஆனால் இது டாக்டருக்குக் காட்ட வேண்டியதா, ஸ்ப்ரேயோடு பார்க்கலாமா என்றாவது சொல்வார்கள்.

பாகூர்க்காரி – செவ்வாய், இரவு 10.11

வருகிறேன். 11 படம். டாக்டர் ஓடிவிடப் போகிறார்.

மருந்துக்கடை_கவுண்டர் – புதன், காலை 7.05

உப்புக்காற்று, அந்த 6 மாத்திரை என்ன ஆயிற்று?

உப்புக்காற்று – புதன், காலை 7.30

அப்பா வாங்கி டப்பாவில் திரும்ப வைத்துவிட்டார். அடுத்த முறை ஆணி குத்தினால் ஆகுமாம்.

நெல்லிக்குப்பம்_40 – புதன், இரவு 11.25

ஹாஸ்டல் தம்பி, தூங்கிவிட்டீர்களா? வளரும் குட்டிக்கு சிப்ரோ ஆகாது என்று ஞாயிறு இரவு எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் இப்போது ஒரு கோம்பைக் குட்டி இருக்கிறது, 4 மாதம். காதுக்குப் பின்னால் புண். இதுவரை மூன்று நாள் கொடுத்துவிட்டேன்.

குரும்பாபேட்_ஹாஸ்டல் – புதன், இரவு 11.31

முழித்திருக்கிறேன் ஐயா. ஒரு வேளைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? நொண்டுகிறதா? படுத்தால் எழுந்திருக்கக் கஷ்டப்படுகிறதா?

நெல்லிக்குப்பம்_40 – புதன், இரவு 11.36

250-இல் பாதி, இரண்டு வேளை. நொண்டவில்லை. இப்போதுகூட என் செருப்பைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறது.

குரும்பாபேட்_ஹாஸ்டல் – புதன், இரவு 11.40

சரி, பதற வேண்டாம். அடுத்த வேளையைக் கொடுக்காதீர்கள். காலையில் முதல் வேலையாகக் குட்டியையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அரிசி மண்டி வழியாகப் போனால் எடையும் பார்த்துவிடுங்கள்.