அப்பாவின் லைசென்ஸை நிறுத்தச் சொன்னது நான்தான்: உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்

மாலைவெயில் எழுதியது:

போன மாதம் என் அப்பாவின் ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோனது. மருத்துவரிடம் பேசி நிறுத்தச் சொன்னவள் நான். அவருக்கு 76 வயது. ஐம்பது வருடமாக வண்டி ஓட்டியவர், யார் மீதும் இடித்ததில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் யாரை இடிச்சேன்? நடக்காத ஒண்ணுக்கு எனக்கு எதுக்கு இப்பவே தண்டனை?"

நடந்தது இதுதான். நான் அவர் பக்கத்து இருக்கையில் இருந்தேன். ஒரு குறுக்குச் சாலையில் இடப்பக்கமாக ஒரு பையன் சைக்கிளில் வந்தான். எனக்கு அவன் தூரத்திலேயே தெரிந்தான். அப்பா வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் கத்திய பிறகுதான் பிரேக் அடித்தார். பையன் சைக்கிளோடு சாய்ந்து எழுந்து போய்விட்டான். "எங்கிருந்தும்மா வந்தான் இவன்?" என்று அப்பா கேட்டார். சமாளிப்பதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே அவன் எங்கிருந்தோ முளைத்தவன்.

கண் மருத்துவர் கிளாக்கோமா என்றார். பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும் நோய். பெரும்பாலும் ஓரப்பார்வைதான் முதலில் போகும், நேர்ப்பார்வை வெகுகாலம் தெளிவாகவே இருக்கும். பார்வை போன இடம் கறுப்பாகத் தெரியாதாம். சுற்றிலும் உள்ள காட்சியை வைத்து மூளையே அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. அதனால்தான் இருக்கிறவருக்கே தெரிவதில்லை. சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையை அப்பா இன்றைக்கும் கீழ் வரிகள் வரை படித்துவிடுவார். போன தடவை உரிமம் புதுப்பித்தபோது அப்படிப் படித்துக் காட்டித்தான் வாங்கினார்.

நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் இப்போது அவர் தன் நண்பர் வீட்டுக்குப் போக என்னைக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கப் பிடிக்காமல் போகாமலே இருந்துவிடுகிறார். வண்டியை மட்டும் தினமும் காலையில் துடைக்கிறார். உரிமம் என்ற ஏற்பாடு உங்களைக் காப்பாற்றியதா, கட்டிப்போட்டதா? கருத்து வேண்டாம், உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை எழுதியது:

சகோதரி, உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. நான் 19 வருடமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். இதே கேள்வியைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

கிளட்ச், கியர், ஸ்டியரிங் எல்லாம் சில வாரங்களில் கைக்குப் பழகிவிடும். பழகாதது கண். புதிதாக ஓட்டுகிறவர் பானெட்டுக்கு முன்னால் பத்தடியை மட்டும் பார்த்துக்கொண்டே போவார். நின்றிருக்கும் பேருந்துக்கு முன்புறமிருந்து ஒரு குழந்தை ஓடி வரலாம் என்று மனசுக்குத் தோன்றி, கால் தானாக பிரேக் பக்கம் போவதற்கு மாதக்கணக்காகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. கண்ணால் பார்த்து, புரிந்து, காலைத் தூக்குவதற்குள் அந்த நொடி போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியும், உடம்பில் ஏற்றுவதற்குத்தான் காலம் வேண்டும்.

ஒரு மாணவன் இருந்தான். என்னிடம் வந்தவர்களிலேயே கை சுத்தமானவன். ரிவர்ஸ் எடுப்பதும் நெருக்கத்தில் நிறுத்துவதும் அவனுக்கு விளையாட்டு. "தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம் பொறு" என்றேன். கோபித்துக்கொண்டு வேறொருவரிடம் போனான், தேர்வு எழுதினான், தேர்ச்சியும் பெற்றான். மூன்றாவது வாரம், நள்ளிரவு தாண்டி, நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு வளைவில் வண்டி சாலையை விட்டு இறங்கியது. பின்னிருக்கையில் இருந்த ஒரு பையன் இறந்துபோனான். அவனுக்கு நடந்த தேர்வில் குறையில்லை. அது கையைச் சோதித்தது. நண்பர்கள் பின்னாலிருந்து உசுப்பும்போது அவன் எப்படி ஓட்டுவான் என்பதை எந்த அரை மணி நேரத் தேர்வு சொல்லும்?

நியூசிலாந்து 1987இலேயே இதற்கு ஒரு வழி கண்டது. உரிமத்தைப் படிப்படியாகக் கொடுக்கும் முறை. முதலில் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்த கட்டத்தில் தனியாக ஓட்டலாம், ஆனால் பின்னிரவில் தனியே ஓட்டக்கூடாது, நண்பர்களை ஏற்றக்கூடாது. அதற்கும் பிறகுதான் முழு உரிமம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்க மாநிலங்களிலும் இது பரவியது. இளவயதினர் விபத்துகள் இதனால் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் மாணவன் ஓட்டிய அந்த நேரமும் அந்தக் கூட்டமும் இரண்டாம் கட்டத்தில் தடைசெய்யப்பட்டவை. அந்தத் தடையைச் சுதந்திரப் பறிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பின்னிருக்கையில் இருந்த பையனின் அம்மாவை நான் பார்த்திருக்கிறேன்.

என் தொழிலுக்கு எதிராகவே இன்னொன்றும் சொல்கிறேன். கூடுதல் பயிற்சி எல்லாமே நல்லதல்ல. நார்வேயில் வழுக்கும் சாலையில் சமாளிக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கிப் பார்த்தபோது, இளம் ஆண்களிடையே விபத்து கூடியது. திறமை வந்துவிட்டது என்ற நினைப்பு, திறமைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது.

தனிவழி எழுதியது:

நெடுஞ்சாலை ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் என் கதை வேறு.

என் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். குடித்துவிட்டு ஓட்டவில்லை, வேகமாகப் போகவில்லை, இடிக்கவில்லை. வண்டிக்குத் தொடர்பில்லாத ஒரு அபராதத்தைத் தவணைக்குள் கட்டவில்லை, அவ்வளவுதான். அந்த அபராதத்தைக் கட்டப் பணம் வேண்டும். பணத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். வேலையிடத்துக்குப் பேருந்து கிடையாது. இரண்டு மாதம் பயந்து பயந்து உரிமமில்லாமலே ஓட்டினேன். பிடிபட்டேன், அபராதம் இரண்டானது, வேலையும் போயிற்று. இந்த மொத்தக் கதையில் யாருடைய உயிர் காப்பாற்றப்பட்டது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பிறகுதான் ஒரு வழக்கைப் பற்றிப் படித்தேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1971, பெல் எதிர் பர்சன். ஜார்ஜியாவில் மூன்று கிராமப்புறச் சமூகங்களுக்கு வண்டியோட்டிப் போய்ச் சமயப்பணி செய்தவர் பெல். சைக்கிளில் வந்த ஐந்து வயதுச் சிறுமி அவர் காரின் பக்கவாட்டில் மோதிவிட்டாள். அவருக்குக் காப்பீடு இல்லை. தவறு அவருடையதா என்று விசாரிக்காமலே, நஷ்டஈட்டுக்காகக் கேட்ட பிணைத்தொகையைக் கட்டவில்லை என்பதற்காக உரிமத்தை நிறுத்த உத்தரவிட்டார்கள். அப்படிச் செய்யக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. கொடுத்துவிட்ட உரிமம் ஒருவரின் பிழைப்புக்கே இன்றியமையாததாக இருக்கலாம், உரிய விசாரணை இல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்பது தீர்ப்பு. படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னிடம் யாரும் எதையும் விசாரிக்கவில்லையே.

மாலைவெயில், உங்கள் அப்பாவுக்கு ஒரு சோதனை நடந்தது, ஒரு காரணம் சொன்னார்கள். அது எனக்குப் பிரச்சினையில்லை. ஓட்டத் தெரியுமா, கண் தெரியுமா என்று மட்டும் கேட்கிற உரிமத்துக்கு நானும் வரிசையில் நிற்பேன். கடன் வசூலிக்கிற கைப்பிடியாக அதை ஆக்கும்போதுதான், மனுஷன் சட்டத்தை மதிப்பதையே விட்டுவிடுகிறான். நான் விட்டேன்.

பச்சைவிளக்கு எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். நான் தேர்வே எழுதாமல் பணம் கொடுத்து உரிமம் வாங்கியவன். என்னைச் சோதித்த அதிகாரி என்று யாரையும் நான் பார்த்ததே இல்லை. முதல் முறை தனியாக ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். மறுபடி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டு, பின்னால் நின்ற ஸ்கூட்டர் மேல் ஏறியது. அந்த அம்மாவின் கால் எலும்பு முறிந்தது. ஏற்றத்தில் எடுப்பது பல தேர்வுகளில் கேட்கிற பாடம் என்று அதற்கப்புறம்தான் தெரியும். என் சட்டைப்பையில் அன்று லைசென்ஸ் இருந்தது.

நடுவானம் எழுதியது:

பச்சைவிளக்கு, அதைச் சொன்னதற்கு நன்றி. என்னுடையதையும் சொல்கிறேன். இதுவரை என் மனைவிக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரியும்.

எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. வெட்டி வெட்டி விழுகிற மாதிரி அல்ல. சில நொடிகள் அப்படியே வெறித்துப் பார்ப்பேன், அந்த நொடிகள் என் நினைவில் இருக்காது. பல நாடுகளில் விதி ஒரே மாதிரிதான்: ஆறு மாதமோ ஒரு வருடமோ வலிப்பே வராமல் இருந்தால் கார் ஓட்டலாம். எனக்கு அதில் எட்டு மாதம் முடிந்திருந்தபோது ஒருநாள் சமையலறையில் வந்தது. மருத்துவரிடம் சொன்னால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சொல்லவில்லை.

இந்தப் பயத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். நான் மறைத்ததால் மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டவில்லை. மாத்திரை போதாததால் மறுபடி வந்தது, இந்த முறை சிக்னலில். வண்டி நின்றிருந்தது. பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததை விழித்த பிறகு கேட்டேன். பத்து நொடி முன்னால் வந்திருந்தால் எதிரே கடந்துபோன ஆட்கள் மேல் ஏறியிருப்பேன். அன்று மாலையே மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இதைச் சொல்ல முடியாதபடி விதி உங்களை மிரட்டியிருக்கு, அதுவும் தப்புதான்" என்றார்.

விதி வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது வேண்டும். ஆனால் உரிமம் போனால் வேலைக்கு எப்படிப் போவான் என்பதற்கு ஒரு வழியும் வைக்காமல் "உண்மையைச் சொல்" என்றால், என்னைப் போல எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்கள்?

கூழாங்கல் எழுதியது:

இங்கே எல்லாரும் உரிமம் பறிபோவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அது கிடைத்ததுதான் விடுதலை.

சவூதி அரேபியாவில் 2018 ஜூன் 24 வரை பெண்கள் கார் ஓட்டவே தடை. 1990 நவம்பரில் 47 பெண்கள் ரியாத் தெருக்களில் கார் ஓட்டிக் காட்டினார்கள். பிடித்து வைத்தார்கள், அவர்களில் பலருக்கு வேலை போனது. பாதுகாப்பு என்ற பெயரில் உரிமத்தை ஒரு கூட்டத்துக்கே மறுக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். தனிவழி அண்ணன் பயப்படுவது வெறும் கற்பனையல்ல.

எனக்குச் சட்டம் தடையாக இல்லை, வீடுதான் தடை. "உனக்கு எதுக்கு வண்டி, நான் கூட்டிட்டுப் போறேன்ல" என்று என் கணவர் ஒன்பது வருடம் சொன்னார். அவருக்குத் தெரியாமல் கற்றேன். முதல் தேர்வில் தோற்றேன், கண்ணாடி பார்க்காமல் தடம் மாறியதற்காக. இரண்டாவதில் தேறினேன். அட்டையை மேசையில் வைத்தபோது அவர் சொன்னது: "தேர்வுல பாஸ் பண்ணிட்டியா? நிஜமாவா?" முன்பின் தெரியாத ஒருவர், என்மேல் எந்தப் பாசமும் இல்லாத ஒருவர், நாற்பது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இவளால் முடியும் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். அதற்கு அப்புறம் வீட்டில் விவாதமே வரவில்லை. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று இருந்திருந்தால், எனக்கு முடியும் என்பதை நான் எதைக் காட்டி நிரூபித்திருப்பேன்?

மாலைவெயில் எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நடுவானம் எழுதியதை அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். அந்தச் சிக்னல் வரி வந்ததும் "மறுபடி படி" என்றார்.

நெடுஞ்சாலை ஐயா, தேர்வு இருந்தால் மட்டும் போதாது என்று நீங்கள் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். பிரிட்டனில் 1903ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமம் வந்தது, தேர்வு இல்லை. கட்டணம் கட்டினால் சீட்டு. 1934இல் அங்கே சாலையில் இறந்தவர்கள் 7,343 பேர். அடுத்த வருடம் ஜூன் 1 முதல்தான் புதிதாக ஓட்டுகிறவர்களுக்குத் தேர்வைக் கட்டாயமாக்கினார்கள். முப்பது வருடம் கையிலிருந்த சீட்டு யாரையும் சோதிக்கவில்லை. அப்பாவுக்கு நடந்த எழுத்துப் பலகைச் சோதனையும் அப்படி ஒரு சீட்டுதான். அவருடைய நோயை அது தேடவே இல்லை.

தனிவழி, உங்களுக்கு நடந்தது அநியாயம். நடுவானம் சொன்ன வழி பற்றி வீட்டில் பேசினோம். நானும் தம்பியும் வாரத்தில் நாள் பிரித்துக்கொண்டோம். அப்பா கேட்க வேண்டியதில்லை. செவ்வாயும் சனியும் வண்டி அவருடையது, எங்கே போவது என்று அவர் முடிவு செய்வார், ஓட்டுவது மட்டும் நாங்கள். முதல் சனிக்கிழமை நண்பர் வீட்டுக்குப் போய் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வந்தார்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கண் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது பார்வைப் புலச் சோதனை. ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள், ஓரங்களில் சின்ன வெளிச்சம் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வலி இல்லை, ஒரு கண்ணுக்குச் சில நிமிடங்கள். வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். எனக்கு அடுத்த புதன்கிழமை.